நான்கு டாலர் கோடை

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பல இடங்களில், தார்ப்பரப்பை நீள்சதுரமாக அறுத்து, உள்ளே கம்பிச் சுருளை வைத்து மூடியிருப்பார்கள். அந்தச் சுருளில் எப்போதும் மெல்லிய மாறுதிசை மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கார் மேலே கடந்து போனால் அதன் உலோக அடிப்பாகம் சுருளின் மின்தூண்டலை ஒரு கணம் மாற்றிவிடும். சாலையோரப் பெட்டிக்குள் இருக்கும் கருவி அதைக் கவனித்து, ஒரு வண்டி போனதாகக் குறித்துக்கொள்ளும். இப்படி இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருக்கும் நிலையங்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 4,000 இருந்தன. அவை தரும் எண்ணிக்கையைக் கொண்டு, நாட்டு மக்கள் எல்லாரும் சேர்ந்து எத்தனை மைல் வண்டி ஓட்டினார்கள் என்று கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம் மாதாமாதம் கணக்கிட்டு வெளியிடும்.

பல ஆண்டுகளாக அந்தக் கணக்கு ஏறுமுகமாகவே இருந்தது. 2008 மார்ச் மாதக் கணக்கு வந்தபோது அதிகாரிகளே அதிர்ந்தார்கள். முந்தைய ஆண்டு மார்ச்சைவிட 1,100 கோடி மைல் குறைந்திருந்தது. சதவீதத்தில் 4.3. எந்த ஒரு மாதத்திலும் இவ்வளவு பெரிய வருடாந்திரச் சரிவை அந்த நிர்வாகம் அதன் வரலாற்றில் கண்டதில்லை. அப்போது ஒரு கேலன் பெட்ரோல், அதாவது 3.785 லிட்டர், மூன்று டாலரைத் தாண்டியிருந்தது. ஜூலையில் 4.11 டாலரைத் தொட்டது.

விலை ஏறினால் வாங்குவது குறையும் என்பது பள்ளிப் பாடம்தான். ஆனால் பெட்ரோலை யாரும் பெட்ரோலுக்காக வாங்குவதில்லை. வேலைக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போகவும் வாங்குகிறோம். இந்தப் போக்குவரத்தில் எது நின்றது, எது நிற்கவில்லை, யாரால் நிறுத்த முடிந்தது, யாரால் முடியவில்லை என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

எது நின்றது?

முதலில் ஓர் எச்சரிக்கை. 2007 டிசம்பரிலேயே அமெரிக்கப் பொருளாதாரம் மந்தநிலைக்குள் நுழைந்துவிட்டது. வேலை போனவர் வண்டி எடுப்பதும் குறையும். எனவே அந்தச் சரிவு முழுவதையும் பெட்ரோல் விலையின் கணக்கில் எழுதக் கூடாது. ஆராய்ச்சியாளர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் மெனக்கெடுகிறார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தும் அளவுகோலின் பெயர் தேவை நெகிழ்ச்சி. விலை 10 சதவீதம் ஏறினால் நுகர்வு எத்தனை சதவீதம் இறங்குகிறது என்பதே அதன் சாரம்.

ஆய்வாளர்கள் ஜொனாதன் ஹியூஸ், கிறிஸ்டோபர் நிட்டல், டேனியல் ஸ்பெர்லிங் மூவரும் இரண்டு காலகட்டங்களை ஒப்பிட்டார்கள். 1975 முதல் 1980 வரை, விலை 10 சதவீதம் ஏறியபோது நுகர்வு உடனடியாக 2 முதல் 3 சதவீதம் வரை குறைந்திருக்கிறது. 2001 முதல் 2006 வரை, அதே ஏற்றத்துக்கு ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. வீடுகள் நகரத்தை விட்டு வெகுதூரம் விலகிப் போனதும், காரை விட்டால் வேறு வழியில்லாமல் போனதும் இதற்கான விளக்கங்களில் முக்கியமானவை. பின்னால் வந்த லெவின், லூயிஸ், வோலக் ஆகியோர் 240-க்கும் மேற்பட்ட நகரங்களில் மக்கள் அன்றாடம் கார்டு தேய்த்துப் பெட்ரோலுக்குச் செலவிட்ட பணத்தை ஆராய்ந்து, உண்மையான எதிர்வினை 3 சதவீதத்தை ஒட்டி இருக்கும் என்றார்கள். மாதக்கணக்கான சராசரிகள் சின்னச்சின்ன மாற்றங்களை மறைத்துவிடுகின்றன என்பது அவர்கள் வாதம். இந்த விவாதம் எப்படி முடிந்தாலும், ஒன்று மட்டும் தெளிவு. விலை பத்து அடி முன்னேறுகிறது. வண்டி ஓட்டுபவர் மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று அடிதான் பின்வாங்குகிறார்.

அந்த இரண்டு மூன்று அடி எது? வேலைக்குப் போகும் பயணத்தில் பெரிதாகக் கை வைக்க முடியாது. அந்த ஆண்டுகளில் அமெரிக்கத் தொழிலாளர்களில் நான்கில் மூவர் காரில் தனியாகவே வேலைக்குப் போனார்கள். பேருந்து, ரயிலில் போனவர்கள் இருபதில் ஒருவர். ஆனால் மொத்த ஓட்டத்தில் வேலைப் பயணத்தின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. மீதியெல்லாம் கடை, பள்ளி, உறவினர் வீடு, உணவகம், ஊர் சுற்றல். வெட்டு விழ இடமிருந்தது இங்கேதான். மூன்று தடவை போய்வந்த இடத்துக்கு ஒரே தடவையில் போய்வருவது, வழியிலேயே மூன்று வேலையை முடித்துக்கொள்வது என்ற பழக்கம் பரவுவதற்கு விலையேற்றமே தூண்டுகோல்.

இந்தப் பழக்கத்தால் மிச்சமாவது தூரம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. அதை ஈடுகட்ட, கணினி தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளிக்கிறது. இன்ஜின் ஆயில் கெட்டியாக இருப்பதால் உராய்வும் கூடுகிறது. புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி சூடாகும்வரை அதுவும் வேலை செய்யாது. கடைக்குப் போய்ச் சேரும் நேரத்தில்தான் இன்ஜின் தன் சரியான வெப்பநிலையை எட்டுகிறது, நாம் அணைத்துவிடுகிறோம். ஒவ்வொரு முறையும் குளிர்ந்த நிலையில் கிளப்பிப் பல குறும்பயணங்கள் போனால், அதே தூரத்தைச் சூடான இன்ஜினோடு ஒரே சுற்றில் முடிப்பதைப்போல இரு மடங்கு பெட்ரோல்கூடச் செலவாகலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை.

வழி இருந்த இடத்தில் மக்கள் அந்த வழியை எடுத்துக்கொண்டார்கள். 2008-இல் அமெரிக்கப் பொதுப் போக்குவரத்தில் 1,070 கோடி பயணங்கள் பதிவாயின. 52 ஆண்டுகளில் அதுவே உச்சம். யூட்டா மாநிலத்தில் ஆளுநர் ஜான் ஹன்ட்ஸ்மன் அந்த ஆகஸ்டில் அரசு ஊழியர்கள் பலருக்கு வாரம் நான்கு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் என்று வேலையை மாற்றினார். வெள்ளிக்கிழமைப் பயணம் ஒன்று அப்படியே மறைந்தது. ஒரு நிர்வாக ஆணை, ஆயிரக்கணக்கானோரின் வாராந்திர வேலைப் பயணத்தில் ஐந்தில் ஒரு பங்கை நீக்கியது. தனி மனிதர் மனம் வைத்துச் செய்யக்கூடிய மாற்றம் இல்லை அது.

வேகத்துக்கு என்ன விலை?

பெட்ரோல் மிச்சம் பிடிக்க மிக எளிய வழி மெதுவாகப் போவது. இதற்குச் செலவில்லை, முன்யோசனை தேவையில்லை, கால் விரலைச் சற்றுத் தூக்கினால் போதும். அப்படியிருந்தும் மக்கள் மிகக் குறைவாகச் செய்தது இதைத்தான். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சமதரைச் சாலையில் 1,500 கிலோ எடையுள்ள நடுத்தர கார் ஒன்று சீரான வேகத்தில் போகிறது. அதை இரண்டு விசைகள் பின்னுக்கு இழுக்கின்றன. டயர் நசுங்கி விரிவதால் வரும் உருளல் எதிர்ப்பு சுமார் 150 நியூட்டன். வேகம் கூடினாலும் இது அதிகம் மாறாது. இரண்டாவது காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 90 கிலோமீட்டரில் அது சுமார் 240 நியூட்டன். 120 கிலோமீட்டரில் சுமார் 430 நியூட்டன். வேகத்தை மூன்றில் ஒரு பங்குதான் கூட்டினோம்; காரை இழுக்கும் மொத்த விசை 390-இலிருந்து 580-ஆக, கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிவிட்டது.

பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது. மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகை வழியாகவும் வெப்பமாகப் போய்விடும். இதையும் சேர்த்துப் பார்த்தால், 100 கிலோமீட்டர் பயணத்தை 90-க்குப் பதில் 120-இல் ஓட்டுவதற்கு 2 லிட்டருக்குக் குறையாமல் கூடுதலாகச் செலவாகும். கிடைக்கும் லாபம் 17 நிமிடம். 2008 ஜூலை விலையில் 2 லிட்டர் பெட்ரோல் 2 டாலரைச் சற்றுத் தாண்டும். அப்படியானால் வேகமாகப் போய் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்த ஆகும் செலவு சுமார் 8 டாலர்.

இப்போது இன்னொரு எண்ணைப் பக்கத்தில் வைப்போம். அன்று அமெரிக்கத் தொழிலாளரின் சராசரி மணிக்கூலி 18 டாலர். தன் ஒரு மணி நேரத்தை 18 டாலராக மதிக்கிறவர் 8 டாலர் கொடுத்து அதை வாங்கத் தயங்கமாட்டார். வாஷிங்டன் மாநிலத்து நெடுஞ்சாலைகளில் பதிவான வேகங்களை ஆராய்ந்த பொருளியலாளர் ஹென்ட்ரிக் வோல்ஃப் கண்டதும் இதற்கு ஒத்தே இருந்தது. கேலனுக்கு ஒரு டாலர் ஏறியபோது வண்டிகளின் வேகக் குறைவு மணிக்கு அரை மைலைக்கூட எட்டவில்லை.

ஆனால் அந்த 2008 கோடையில் கூட்டரசின் குறைந்தபட்ச மணிக்கூலி 5.85 டாலர், ஜூலை இறுதியில் 6.55 டாலர் ஆனது. அந்தக் கூலி வாங்குபவருக்குக் கணக்கு தலைகீழாகிறது. அவரது 17 நிமிடத்துக்குக் கிடைக்கும் கூலி, அந்த 2 லிட்டர் பெட்ரோலின் விலையைவிடக் குறைவு. அவர் மெதுவாகப் போவதே லாபம். ஒரே சாலை, ஒரே விலைப்பலகை, ஒரே இயற்பியல். இரண்டு பேருக்கு இரண்டு விடை. விலை எல்லாரிடமும் ஒன்றையே கேட்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது குறைவாகச் சம்பாதிப்பவரின் நேரத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறது. இந்த அநியாயத்தைப் பார்க்காமல், விலை ஏறினால் மக்கள் தாமாகத் திருந்துவார்கள் என்று பேசுவது அரைகுறை அறிவியல்.

பெட்ரோல் பங்கில் நடக்கும் கணக்கு

அமெரிக்கப் பெட்ரோல் பங்குகளில் பொதுவாக மூன்று தரப் பெட்ரோல் கிடைக்கும். ஆக்டேன் எண் 87 உள்ளது சாதாரணம், 91 அல்லது அதற்கு மேற்பட்டது பிரீமியம், நடுவில் ஒன்று. இன்ஜினுக்குள் பெட்ரோல் நேரம் தப்பி வெடிப்பதைத் தாங்கும் திறனைத்தான் ஆக்டேன் எண் காட்டுகிறது. உயர் அழுத்த இன்ஜினுக்கு அது வேண்டும். சாதாரண இன்ஜினுக்குப் பிரீமியம் ஊற்றுவதால் பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை.

பொருளியலாளர்கள் ஜஸ்டீன் ஹேஸ்டிங்ஸ், ஜெஸ்ஸி ஷப்பிரோ இருவரும் இந்தத் தேர்வை ஆராய்ந்தார்கள். விலை ஏறும்போது மூன்று தரமும் ஏறத்தாழ ஒரே அளவுதான் ஏறும். தரங்களுக்கு இடையேயான வித்தியாசம் அதிகம் மாறாது. எனவே பிரீமியத்தை விட்டுச் சாதாரணத்துக்கு இறங்குவதற்குக் காரணம் இருக்குமானால், அது கையில் பணம் குறைந்துபோனதாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் வேறு வகையில் அதே அளவு வருமானம் குறைந்தபோது மக்கள் மிகச் சிறிதளவே தரம் இறங்கினார்கள். பெட்ரோல் விலை ஏறியபோது மட்டும், அதைப்போலப் பல மடங்கு இறங்கினார்கள். இதைவிட வியப்பு 2008 கடைசியில் நடந்தது. வங்கிகள் சரிந்தன, வேலைகள் போயின, சேமிப்பு கரைந்தது. ஆனால் பெட்ரோல் விலை விழுந்ததும் மக்கள் பிரீமியத்துக்குத் திரும்பினார்கள்.

நம் வீடுகளில் பாட்டிமார் பால் காசுக்கு ஒரு டப்பா, மளிகைக்கு ஒரு டப்பா, சீட்டுக்கு ஒரு டப்பா என்று வைத்திருப்பார்களே, மனித மனமும் அப்படித்தான் பணத்தைப் பிரித்து வைக்கிறது. மனக்கணக்கு என்ற இந்தக் கருத்தை வளர்த்தெடுத்த ரிச்சர்ட் தேலருக்கு 2017-இல் பொருளியல் நோபல் கிடைத்தது. பெட்ரோல் டப்பா காலியானால் பெட்ரோலில்தான் சிக்கனம். குடும்பத்தின் மொத்த நிலைமை வேறு எதுவாக இருந்தாலும் அந்த டப்பாவுக்குத் தெரியாது.

இதில் பயன் உண்டு, ஆபத்தும் உண்டு. பெட்ரோல் விலையைத் தெருமுனைப் பலகையில் ஆளுயர எழுத்தில் தினமும் பார்க்கிறோம். அதனால் அதைப் பற்றிய விழிப்பு கூடுதல். ஆனால் அந்த விழிப்பு பத்து காசு மலிவான பங்கைத் தேடிப் பத்து மைல் ஓட்டுவதிலும், பிரீமியத்தைத் தவிர்ப்பதிலும் செலவாகிவிடுகிறது. உண்மையான பெரும் செலவு நிர்ணயமாகும் நாள் வேறு. அது கார் வாங்கும் நாள்.

மைலேஜ் என்னும் மாயை

2008 ஜூனில் சயன்ஸ் இதழில் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் லாரிக், ஜேக் சோல் இருவரும் இரண்டு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் கேட்டது போன்ற ஒரு கேள்வியை இங்கேயும் கேட்கலாம். ஒரு குடும்பத்தில் இரண்டு வண்டிகள். ஒன்று கேலனுக்கு 10 மைல் ஓடும் பழைய பிக்கப் டிரக். இன்னொன்று 25 மைல் ஓடும் சிறிய கார். டிரக்கைக் கொடுத்துவிட்டு 20 மைல் ஓடும் வண்டி வாங்கலாம். அல்லது காரைக் கொடுத்துவிட்டு 50 மைல் ஓடும் ஹைபிரிட் வாங்கலாம். இரண்டும் ஒரே தூரம் ஓடினால் எது அதிகம் மிச்சமாக்கும்?

பெரும்பாலோர் ஹைபிரிட்டைக் கைகாட்டுவார்கள். 10,000 மைலுக்குக் கணக்குப் பாருங்கள். டிரக் 1,000 கேலன் குடிக்கும். மாற்று வண்டி 500. மிச்சம் 500 கேலன். கார் 400 கேலன் குடிக்கும், ஹைபிரிட் 200. மிச்சம் 200 தான். மைலேஜ் என்பது தூரத்தைப் பெட்ரோலால் வகுத்த எண். நமக்கு வேண்டியதோ பெட்ரோலைத் தூரத்தால் வகுத்த எண். தலைகீழ் எண்ணைப் பார்த்து முடிவெடுப்பதால், மோசமான வண்டியைச் சற்றே நல்லதாக மாற்றுவதில் இருக்கும் பெரும் பலன் கண்ணில் படுவதில்லை. நம் ஊரிலும் "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" என்றுதான் கேட்கிறோம், அதே மாயை நமக்கும் உண்டு. இந்த ஆய்வின் பலனாக எழுந்த விவாதத்துக்குப் பிறகு, 2013 மாடல் கார்களிலிருந்து அமெரிக்காவில் கண்ணாடியில் ஒட்டும் விவரச்சீட்டில் 100 மைலுக்கு எத்தனை கேலன் என்பதும் இடம்பெற்றது.

அந்தக் கோடையில் வாங்குபவர்கள் கூட்டமாகத் திசை மாறினார்கள். 2008 மே மாதம் ஹோண்டா சிவிக் அமெரிக்காவில் அதிகம் விற்ற வண்டியானது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த மாதாந்திர முதலிடத்தை ஃபோர்டு எஃப் வரிசை பிக்கப்பிடமிருந்து எந்தக் காரும் பறித்ததில்லை. ஜூன் 3 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் டிரக், எஸ்.யு.வி. தயாரிக்கும் நான்கு ஆலைகளை மூடுவதாக அறிவித்தது. அவற்றில் விஸ்கான்சின் மாநிலத்து ஜேன்ஸ்வில் ஆலை 1923 முதல் செவர்லே வண்டிகளைச் செய்து வந்தது. டிசம்பர் 23 அன்று கடைசி டாஹோ எஸ்.யு.வி. அங்கிருந்து வெளியே வந்தது. அந்த வாரங்களில் பெட்ரோல் 1.61 டாலர் வரை இறங்கிவிட்டிருந்தது. விலை திரும்பி வந்தது. ஆலையும் அதை நம்பியிருந்த ஊரின் வேலைகளும் திரும்பவில்லை.

பதினாறு வயதில் பதிந்தது

இதுவரை பார்த்தவை எல்லாம் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நடப்பவை. இருபது ஆண்டுகள் கழித்தும் ஒரு விலையேற்றம் வேலை செய்யுமா?

1973 அக்டோபரில் அரபு எண்ணெய் நாடுகள் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியைத் தடுத்தன. பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. வண்டி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் பெட்ரோல் ஊற்றினார்கள். 1974 ஜனவரியில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம், நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல் என்று வேக வரம்பு கொண்டுவந்தது. பெட்ரோலை மிச்சப்படுத்த வந்த சட்டம் உயிர்களையும் மிச்சப்படுத்தியது. 1973-இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 54,052 பேர். அடுத்த ஆண்டு 45,196. ஓட்டம் குறைந்ததும் வேகம் குறைந்ததும் இதில் சேர்ந்தே வேலை செய்தன. பின்பு 1979-இல் ஈரான் புரட்சியோடு இரண்டாவது நெருக்கடி வந்தது.

அமெரிக்காவில் பெரும்பாலும் பதினாறு வயதில் ஓட்டுநர் உரிமம் எடுப்பார்கள். பொருளியலாளர்கள் கிறிஸ்டோபர் செவரன், ஆர்தர் வான் பென்தம் இருவரும் ஒரு கேள்வி கேட்டார்கள்: அந்த நெருக்கடிகளின்போது ஓட்டக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் பிற்காலத்தில் எப்படி ஓட்டுகிறார்கள்? 2000-ஆம் ஆண்டு உள்ளிட்ட தரவுகளில் தேடியபோது விடை கிடைத்தது. 15 முதல் 18 வயதுக்குள் பெரும் விலையேற்றத்தைச் சந்தித்தவர்கள், சில ஆண்டு முன்போ பின்போ பிறந்தவர்களைவிடக் குறைவாக வண்டி ஓட்டினார்கள். காரில் வேலைக்குப் போவது அவர்களிடையே குறைவு. பொதுப் போக்குவரத்தில் போவது கூடுதல். 2000-இல் பெட்ரோல் மலிவு. வருமான வித்தியாசமும் இதை விளக்கவில்லை. வண்டியை எடுப்பதே செலவு என்ற உணர்வு, ஓட்டக் கற்ற வயதிலேயே அவர்களுக்குள் பதிந்துவிட்டதாகத் தெரிகிறது.

முன்னால் பார்த்ததையெல்லாம் சேர்த்துப் பொருத்தும் ஆணி இந்த ஆய்வு என்று நான் கருதுகிறேன். பழகிப்போன பாதையில் போகிறவரிடம் விலையால் அதிகம் சாதிக்க முடிவதில்லை. அவருடைய வீடு, வேலை, கார் எல்லாம் ஏற்கெனவே முடிவானவை. முடிவு இன்னும் எடுக்கப்படாத இடங்களில்தான் விலை ஆழமாக வேலை செய்கிறது: முதன்முதலாக உரிமம் எடுக்கும்போது, கார் மாற்றும்போது, வேலை தேடும்போது, வீடு பார்க்கும்போது. அந்தத் தருணத்தில் பக்கத்தில் ஒரு நல்ல பேருந்து இருந்தால் அது வாழ்நாள் பழக்கமாகும். இல்லாவிட்டால் அந்த விலையேற்றம் வெறும் வேதனையாகக் கடந்துபோகும். அதிலும் மணிக்கு ஆறு டாலருக்கு உழைத்து, வாடகை குறைவு என்று நகரத்துக்கு வெளியே குடியிருப்பவருக்கே அந்த வேதனை அதிகம்.

பேருந்துத் தடத்தை விலை நான்கு டாலர் ஆன பிறகு போட முடியாது. விவரச்சீட்டைத் திருத்த ஐந்து ஆண்டு பிடித்தது. ஒரு ரயில் பாதைக்கு அதைவிட நீண்ட காலம் வேண்டும். ஆகவே பெட்ரோல் மலிவாக இருக்கும் ஆண்டுகளில்தான் அடுத்த விலையேற்றத்துக்கான வேலையைச் செய்தாக வேண்டும். யாரும் அதைக் கேட்டுப் போராடாத, அரசுகளுக்கு அவசரமே தெரியாத ஆண்டுகள் அவை என்பதுதான் சிக்கல். 2022 ஜூனில் அமெரிக்காவில் சராசரி விலை முதன்முறையாக 5 டாலரைத் தாண்டியபோது, 2008-இல் வேறு வழியில்லாமல் நின்ற அதே புறநகர்கள் பெரும்பாலும் அப்படியே நின்றன.

ஒருவர் எவ்வளவு ஓட்டுகிறார் என்பதை அவருடைய காரைவிட அதிகமாகத் தீர்மானிப்பது அவர் வீடு இருக்கும் இடம். அந்த வீடுகள் வேலையிடத்தை விட்டு எப்படி இவ்வளவு தூரம் விலகிப் போயின என்பதை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.